இருபத்தாறு வீட்டுக்கு மூன்று வாக்கியம்

பிரின்ஸை இரண்டு வருடமாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். சமைக்கும்போது திட்டுவேன், துணி துவைக்கும்போது திட்டுவேன், கோமதியம்மன் சந்நிதியில் கண்ணை மூடி நிற்கும்போதும் திட்டுவேன். தாயே, எனக்கு நீ ஒன்றும் தர வேண்டாம், அவனுக்கு மட்டும் நல்லதாக ஒரு அடி கொடு என்று வேண்டியிருக்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மறைத்து மட்டும் என்ன ஆகப்போகிறது?

என் வீட்டு முன்னறையில் பதினோரு வருடமாக பியூட்டி பார்லர் நடத்துகிறேன். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் என் வீட்டை விட்டுவிட்டால் இருபத்தாறு வீடு. எந்த வீட்டில் கல்யாணம், சடங்கு, வளைகாப்பு என்றாலும் பெண்ணை அலங்காரம் செய்ய பொன்செல்வியைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி இருந்தது ஒரு காலம். பிரின்ஸ் அந்தத் தெருவுக்குள் பைக்கில் நுழைகிற வரைக்கும்.

எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழாய் வாயில் சுண்ணாம்பு வெள்ளை வெள்ளையாகக் கட்டிப்போகும். சோப்பைத் தேய்த்தால் நுரை வராது, பிசுக்குத்தான் வரும். குக்கரில் ஆறு விசில் விட்டாலும் துவரம்பருப்பு முழித்துக்கொண்டு கிடக்கும். தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நார்தான். அதனால் என் பார்லரில் தலை அலசுவதற்கு அந்தத் தண்ணீரை நான் தொட்டதே இல்லை. நகராட்சிக் குழாயில் நல்ல தண்ணீர் வருகிற அன்று இரண்டு டிரம் பிடித்து வைத்துவிடுவேன். பிடித்துப் பிடித்தே என் இடுப்பு போய்விட்டது.

பிரின்ஸ் அப்போது வாட்டர் ஃபில்டர் விற்றுக்கொண்டிருந்தான். முப்பது வயசு இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பை, பையில் பேனா மாதிரி ஒரு மீட்டர். வந்தவன் கேட்காமல் கொள்ளாமல் கஸ்டமர் நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு பின்கட்டுக்குப் போய், கால் கழுவுகிற குழாயில் ஒரு டம்ளர் பிடித்து மீட்டரை முக்கினான்.

"ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது காட்டுதுக்கா. இந்தத் தண்ணியிலயா தலை கழுவி விடுதீங்க?"

"தலைக்கு நல்ல தண்ணி தம்பி. அந்தா டிரம்ல இருக்கு பாருங்க. இது காலு கழுவ."

டிரம் பக்கம் அவன் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்குத்தான் அவன் என்னைப் பழிவாங்கினான் என்றுகூடச் சொல்ல முடியாது. என்னை நினைத்துப் பார்த்திருந்தால்தானே பழிவாங்க? மற்ற வீடுகளில் விற்க அவனுக்கு ஒரு பயமுறுத்தும் கதை தேவைப்பட்டது, நான் கையில் கிடைத்தேன். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

ஒவ்வொரு வீட்டிலும் மீட்டரை முக்கிக்கொண்டே சொல்லியிருக்கிறான்: "பொன்செல்வியக்கா பார்லர்ல ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது காட்டுது. ரிஸானாவுக்கு அம்புட்டு முடியும் கொட்டிப்போச்சுல்லா, சும்மாவா கொட்டும்?"

ரிஸானா என் கஸ்டமர், மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தாள். அவளுக்கு டைபாய்டு காய்ச்சல். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இதே தெருதான் பிரெட்டும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு போய் அவளைப் பார்த்து வந்தது. காய்ச்சல் விட்ட பிறகு முடி கொட்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ரிஸானாவே "எனக்குக் காய்ச்சல்லதான் கொட்டுச்சு" என்று சொல்லிப் பார்த்தாள். "அதுக்கு முன்னாலயே அந்தத் தண்ணி வேரை அரிச்சிருக்கும்" என்றானாம் பிரின்ஸ். அந்த வருடமே அவள் கடையநல்லூர் பக்கம் குடிபோய்விட்டாள். கதை மட்டும் எங்கள் தெருவிலேயே தங்கிவிட்டது.

ஏன் நம்பினார்கள் என்றால், எண் சொன்னான். அந்த மீட்டர் காட்டுகிற டி.டி.எஸ் எண் எங்கள் ஊரில் ரத்தத்துச் சர்க்கரை அளவு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பேர் பஸ் ஸ்டாண்டில் சந்தித்தால்கூட "உங்க வீட்டுத் தண்ணி எத்தனை?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். எண் கூடுதல் என்றால் முகத்தில் ஒரு பரிதாபம், குறைச்சல் என்றால் ஒரு பெருமை. அது எதைக் கணக்குப் பண்ணுகிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

தெருச் சங்கத்துக்குத் தலைவர் ஆறுமுகச்சாமி அண்ணாச்சி, ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவர் மனைவி கோமதித்தாய் மதினி. அவர்களுக்கு இரண்டு மகள்கள். பெரியவளுக்குச் சடங்கு அலங்காரம் செய்தவள் நான். அவளுடைய கல்யாணத்துக்கு மதினி பத்திரிகை கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்கள்.

"கோவிச்சுக்காத பொன்செல்வி. அலங்காரத்துக்கு ராசபாளையத்துல சொல்லிட்டோம். பிள்ளைக்கு முடியே கொஞ்சூண்டு. பயமா இருக்குல்லா."

கல்யாணத்துக்குப் போனேன். பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தேன். மணமேடையில் பெண்ணின் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். மனசு குளிர்ந்துபோனது. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகு எங்கள் தெருவிலிருந்து ஒரு கல்யாணப் பெண்கூட என் நாற்காலியில் உட்காரவில்லை. புருவம் திருத்த வந்தவர்களும் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அண்ணாச்சியின் இளைய மகளுக்கு இந்த ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமானது. அவள் என்னிடம் வந்துவிட்டால் தெருவே திரும்பி வந்துவிடும். வராவிட்டால் பார்லரை மூடிவிட்டுத் தைக்கக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். என் நிலைமை அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் பிரின்ஸ் மறுபடி வந்தான். இந்தத் தடவை சாஃப்ட்னர் மெஷின். ஆள் உயரத்தில் நீல நிற உருளை ஒன்று, பக்கத்தில் உப்பு போடுகிற தொட்டி ஒன்று. வீட்டுக்கு வருகிற மொத்தத் தண்ணீரும் அதற்குள் போய்விட்டுத்தான் குழாய்க்கு வரும். இருபத்தாறு வீட்டுக்கும் மாட்டித் தருகிறேன் என்று சங்கத்தில் பேசினான். அண்ணாச்சி சாமர்த்தியசாலி. முதலில் என் வீட்டில் ஒன்றை மாட்டு, ஒரு மாதம் பார்க்கிறோம், ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறு ஞாயிறு முடிவு சொல்கிறோம் என்றார். பிரின்ஸ் மாட்டினான். மாட்டுவதற்கு முன் வழக்கம்போல மீட்டரை முக்கி, அண்ணாச்சி வீட்டு காலண்டரில் தன் கையாலேயே எழுதினான்: 1830.

எனக்கு ஒரு மாதம் இருந்தது. அவனை அடிக்க ஒரு கம்பு தேடினேன்.

யூடியூபில் தேடினேன், கடை கடையாகப் போன் போட்டேன். கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு கடைக்காரர் கிடைத்தார். பொறுமைசாலி. வீட்டில் எத்தனை பேர், பார்லரில் ஒரு நாளைக்கு எத்தனை தலை அலசுவீர்கள், டேங்க் எத்தனை லிட்டர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"குடிக்கதுக்குன்னா ஆர்.ஓ போடுங்கம்மா. அது எல்லா உப்பையும் எடுத்துரும். ஆனா பாதித் தண்ணி வெளிய போயிரும், வீடு பூராவுக்கும் அது கட்டாது. குளிக்க, துவைக்க, தலை அலசன்னா சாஃப்ட்னர்தான். சுண்ணாம்பை மட்டும் பிடிச்சு வச்சுக்கிட்டு, அதுக்குப் பதிலா நாம போடுத சோத்து உப்பைத் தண்ணில விடும். வாரம் ஒருக்க உப்பு போடணும், மறந்துறக் கூடாது."

"டி.டி.எஸ் எவ்வளவு குறையும்?" என்று கேட்டேன்.

"குறையாதும்மா. ஒரு உப்பு போயி இன்னொரு உப்பு வருது. மீட்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான். சில வீட்டுல முன்னைக்கு இப்பம் கொஞ்சம் கூடுதலாவே காட்டும். ஹார்ட்னஸ், அதான் சுண்ணாம்பு அளவு, பாக்கதுக்குச் சொட்டு மருந்து தனியா இருக்கு. அதை வாங்கிக்கிடுங்க."

போனை வைத்தேன். கம்பு கிடைத்துவிட்டது. அதுவும் அவன் பையிலேயே இருந்தது.

அதோடு நான் நிறுத்தவில்லை. அவரிடமே எனக்கும் ஒரு சாஃப்ட்னர் வாங்கினேன். தெருவில் தெரியக் கூடாது என்று குருவிகுளத்திலிருந்து பிளம்பரை வரவழைத்துக் குளியலறைக்குள்ளேயே மாட்டினேன். சொட்டு மருந்தும் வந்தது. குழாயில் நேரே வருகிற தண்ணீரில் விட்டால் சிவப்பாகும், நீலமாக மாறுவதற்குள் இருபத்து மூன்று சொட்டு விட வேண்டியிருந்தது. மெஷின் தண்ணீரில் முதல் சொட்டுக்கே நீலம். அன்றைக்குத் தலைக்குக் குளித்தேன். ஷாம்பு நுரையை அலசி முடியவில்லை, முடி விரலுக்குள் நழுவிக்கொண்டு போனது. சந்தோஷமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. பிரின்ஸ் விற்பது நல்ல மெஷின்தான் என்று இப்போது எனக்குத் திட்டவட்டமாகத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி வீட்டு மொட்டை மாடியில் கூட்டம். வீட்டுக்கு ஒருவர் இருவராக வந்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, சுக்குக் காப்பி, ஆமைவடை. பிரின்ஸ் நன்றாகப் பேசினான். கோமதித்தாய் மதினியும் அவனுக்குச் சாதகமாகவே பேசினார்கள்.

"பருப்பு மூணு விசில்ல வெந்துருதுட்டி. துணி பஞ்சு கணக்கா இருக்கு. எனக்கென்னமோ நல்லாத்தான் தெரியுது."

பத்துப் பேர் தலையாட்டினார்கள். அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு முடிவு சொல்லப் போனார். அந்த நேரத்தில் நான் எழுந்தேன்.

"தம்பி, அந்த மீட்டரு கொண்டாந்திருக்கீங்களா?"

பிரின்ஸ் என்னைப் பார்த்தான். "எதுக்குக்கா?"

"மாட்டுததுக்கு முன்னால எத்தனை, மாட்டுன பொறவு எத்தனைன்னு பாக்கணும்லா. அதுக்குத்தான அதை வச்சிருக்கீங்க."

"நல்ல யோசனைதான்" என்றார் அண்ணாச்சி. "போட்டுப் பாருடே."

"அண்ணாச்சி, இது வேற மாதிரி மெஷினு. இதுக்கு அந்த மீட்டரு சரியா வராது..."

"ரெண்டு வருசமா எங்க எல்லாருக்கும் சரியா வந்துச்சே தம்பி" என்றேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது. அவ்வளவு பணிவாக இருந்தது.

மதினி கீழே போய் ஒரு சொம்பில் தண்ணீரும், கையோடு அந்த காலண்டரையும் கொண்டுவந்தார்கள். பிரின்ஸ் மீட்டரை முக்கவில்லை. அண்ணாச்சியே வாங்கி முக்கினார். எண் ஓடி நின்றது. 1862.

"கூடல்லாடே இருக்கு?" என்றார் அண்ணாச்சி.

பிரின்ஸ் அவசர அவசரமாக விளக்கினான். ஹார்ட்னஸ் வேறு, டி.டி.எஸ் வேறு, சுண்ணாம்பு போய்விட்டது, எண் மட்டும்தான் அப்படியே இருக்கிறது என்று அவன் சொன்னது ஒவ்வொரு சொல்லும் நிஜம். என்னைத் தவிர அங்கே ஒருவரும் அதை நம்பவில்லை. எண்தான் எல்லாம் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொடுத்தவனே அவன். மதினி மெதுவாகச் சொன்னார்கள்: "அப்பம் அது புதுப் பருப்பா இருந்திருக்கும். அதான் சீக்கிரம் வெந்திருக்கு." ஒரு மாதமாகத் தன் கையால் அறிந்ததை அந்தம்மா ஒரு நிமிஷத்தில் விட்டுவிட்டார்கள்.

சொட்டு மருந்து என் கைப்பையில்தான் இருந்தது. எடுத்து அந்தச் சொம்பில் ஒரு சொட்டு விட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான். நான் ஆமைவடையை எடுத்துக் கடித்தேன். இரண்டு வருடத்தில் அவ்வளவு ருசியாக எதையும் தின்றதில்லை. "இவன் நம்ம காதுல பூ சுத்துதான்" என்று யாரோ சொன்னார்கள். மறுநாளே அந்த மெஷினைக் கழற்றித் தெருவில் வைத்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பிரின்ஸ் என் வீட்டுக்கு வந்தான். சட்டை கசங்கியிருந்தது. இந்தத் தடவை நின்றுகொண்டே இருந்தான். முகம் கழுவிக்கொள்ளலாமா என்று கேட்டான், குளியலறையைக் காட்டினேன். மெஷின் அங்கே இருப்பதை மறந்தே போய்விட்டேன். உண்மையாகவே மறந்தேனா, அவனுக்குத் தெரியட்டும் என்று மறந்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அவன் வெளியே வர வெகுநேரம் ஆனது.

"அக்கா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் செஞ்சிருக்கீங்க."

"ஆமா."

"இருபத்தாறு மெஷினு இறக்கி வச்சிருக்கேன். ஊரு பூரா என்னைக் கள்ளன்னு சொல்லுதாவ. நான் உங்களுக்கு என்னக்கா பண்ணுனேன்?"

அதைக் கேட்டதும்தான் எனக்கு உண்மையான வெறி வந்தது. அவனுக்கு ஞாபகமே இல்லை. ரிஸானா என்றேன். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது என்றேன். அண்ணாச்சி மகள் கல்யாணம் என்றேன். கொஞ்சம் கொஞ்சமாக அவன் முகம் மாறியது. "அது சும்மா பேச்சுக்குச் சொன்னதுதான்க்கா" என்றான்.

"இப்பமும் பேச்சுக்குத்தான் சொல்லப்போறீங்க. உக்காருங்க தம்பி."

கஸ்டமர் நாற்காலியில் கண்ணாடிக்கு எதிரே உட்கார வைத்தேன். மூன்று வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன். தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு அவன் திருப்பிச் சொன்னான்.

"ரிஸானாவுக்கு முடி கொட்டுனது டைபாய்டு காய்ச்சல்ல. பொன்செல்வியக்கா பார்லர்ல தலைக்கு நல்ல தண்ணிதான் ஊத்துனாங்க. நான் யாவாரத்துக்காகப் பொய் சொன்னேன்."

"கடைசி வாக்கியம் காதுல விழலை. இன்னொருக்க."

நான்கு தடவை சொல்ல வைத்தேன். பிறகு அவன் கேட்டான்: "நான் சொல்லிருதேன்க்கா. நீங்களும் அண்ணாச்சிகிட்ட மெஷினைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும்."

"மொதல்ல இருபத்தாறு வீட்டுலயும் சொல்லி முடிங்க. ஒரு வீடு விடக் கூடாது. பொறவு நானும் சொல்லுதேன்."

சொல்கிற எண்ணம் எனக்குக் கொஞ்சமும் கிடையாது.

அன்று சாயங்காலமே கிளம்பினோம். அவன் சொல்வதை என் காதால் கேட்க வேண்டும் என்று நானும் கூடப் போனேன். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டேன். முதல் வீடு அண்ணாச்சி வீடு. அண்ணாச்சி ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார், மதினி முற்றத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பெண் பக்கத்தில் இருந்தாள். பிரின்ஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்று மூன்று வாக்கியத்தையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னான். இரண்டு வருடமாக நான் காத்திருந்தது அதற்காகத்தான். எனக்கு முதுகு நிமிர்ந்தது.

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "ஏலே, அன்னைக்கு அத்தனை பேரு முன்னால புளுகுனவன். இன்னைக்கு நீ சொன்னா நாங்க நம்பணுமோ?"

"அண்ணாச்சி, இது நெசம்" என்றான் பிரின்ஸ்.

"அன்னைக்கும் இப்படித்தான சொன்ன."

மதினி அவனைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்கள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பாவம் என்று பார்த்தார்கள்.

"பொன்செல்வி, கல்யாண அலங்காரம் கைவிட்டுப் போயிரும்னு இந்தக் கள்ளனையா சாட்சிக்குக் கூட்டிட்டு வந்த? என்னத்தக் குடுத்தட்டி அவனுக்கு?"

"மதினி, நான் ஒண்ணும் குடுக்கலை. இப்பம் என் வீட்டுத் தண்ணியை வந்து பாருங்க. சுண்ணாம்பே கிடையாது."

"மீட்டர்ல எத்தனை காட்டுது?"

ஆயிரத்து எண்ணூற்று எழுபது காட்டும் என்று எனக்குத் தெரியும். சொட்டு மருந்தை எடுத்துக் காட்டலாம். காட்டினால், அன்றைக்கு மொட்டை மாடியில் இதை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார்கள். பிரின்ஸ் மெஷினைத் தெருவில் தூக்கி வைக்கச் செய்தது யார் என்று கேட்பார்கள். அந்தப் பெண் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பின்னல் முனையை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நீதான மீட்டரைப் போடச் சொன்ன" என்றார்கள் மதினி. "நீ மட்டும் சொல்லலேன்னா நாங்க ஏமாந்திருப்போம். அதுக்கு நாங்க கடமைப்பட்டிருக்கோம். ஆனா பிள்ளை விசயம் வேற, என்ன? வருத்தப்படாத." ஒரு பத்திரிகையை எடுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி என் கையில் கொடுத்தார்கள்.

வெளியே வந்தோம். தெருவில் அடுத்தடுத்து வீடுகள் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தன.

"தம்பி, போதும்" என்றேன். "நீங்க வீட்டுக்குப் போங்க."

"இன்னும் இருபத்தஞ்சு வீடு இருக்குக்கா. ஒரு வீடு விடக் கூடாதுன்னீங்கள்லா. முடிச்சாதான நீங்க சொல்லுவீங்க."

"வேண்டாம்னு சொல்லுதேன்ல."

அவன் முகத்தில் நக்கல் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும். அடுத்த வீட்டுப் படியேறி மணியை அடித்தான். கதவு திறந்ததும் கையைக் கட்டிக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்தபடியே, கடைசி வாக்கியம் தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "பொன்செல்வியா அனுப்பி வச்சா?" என்று ஒரு குரல் கேட்டது.

பிரின்ஸ் அடுத்த வீட்டுக்குப் போனான்.